ஈரலுக்குத் தெரியும்

“கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

எலியக்கா இதைச் சொன்னபோது மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டியிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அந்த அறையில் அவரிடம் யாரும் இதுவரை சொல்லாத வாக்கியம் அது. அதுவும் கையில் ரப்பர் உறையும் தலையில் துணிக்குல்லாயும் முழங்கால்வரை பூட்ஸுமாக, எலிக்குத் தீனி வைக்கிற ஒருத்தி சொல்வாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

“என்னம்மா, எழுத்து மறந்து போச்சா?”

“எழுத்து மறக்கல சார். சிவப்புச் சீவல் போட்டதையும் மறக்கல.”

மேஜையில் அறைப் பதிவேடு திறந்து கிடந்தது. கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. எலிகள் இருக்கும் அறையின் சூடு, ஈரப்பதம், தீனி, தண்ணீர் எல்லாம் நாள்தோறும் அதில் ஏறும். ஒரு மருந்தின் பரிசோதனை முடியும் நாளில் கடைசியாக ஒரு வரி வரும்: ‘பரிசோதனைக் காலத்தில் அறையில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.’ அதற்குக் கீழே எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அறிக்கை வாசலைத் தாண்டும். பதினாலு வருடமாக அந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டிருந்த கையெழுத்துதான்.

இந்தத் தடவை கண்ணைத் திறந்துவிட்டாள். அதுதான் தொல்லை.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆய்வு அதிகாரி வராங்க,” என்றார் மேனேஜர். பேனாவை மூடினார். “பத்து மணிக்குள்ள இதுல உங்க கையெழுத்து இருக்கணும். இல்லேன்னா பன்னண்டு மணிக்கு உங்களுக்கு இங்க வேலை இல்ல. புரிஞ்சுதா?”

“முதல் பாதி புரிஞ்சுது சார். ரெண்டாம் பாதி நாளைக்குப் புரியும்.”

சொல்லிவிட்டு எலி அறைக்குத் திரும்பினாள். 

*

சிவப்புச் சீவல் வந்த கதையைச் சொன்னால்தான் இந்தச் சண்டை விளங்கும்.

மேனேஜருக்கு அந்தக் கட்டடத்தில் இன்னொரு பெயர் உண்டு: சென்ட் சார். அவர் வருகிறார் என்பது அவர் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே தெரிந்துவிடும். எலி அறைப் பக்கம் கைக்குட்டை இல்லாமல் அவர் வந்ததே கிடையாது. பத்து வாரத்துக்கு முன்னால், பேன் மருந்து தயாரிக்கும் கம்பெனியிலிருந்து நாலு பேர் பார்வையிட வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலைக்குத் தேய்க்கிற மருந்து. அது உடம்புக்குள் இறங்கினால் என்ன செய்யும் என்று எலிகளின் மேல் தடவிப் பார்ப்பதுதான் இங்கே வேலை. வந்தவர்களில் ஒருவர் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இதென்ன சார், இப்படி நாறுது?” என்று கேட்டுவிட்டார்.

சென்ட் சாருக்கு அது கன்னத்தில் விழுந்த அறை.

மறுநாளே உத்தரவு. கூண்டுகளில் எலிகளுக்குப் படுக்கையாகப் போட்டுவந்த வெள்ளை வெட்டுக்காகிதம் வேண்டாம். அதற்குப் பதிலாக மூட்டை மூட்டையாக மணக்கிற சிவப்பு மரச்சீவல் வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் எலி அறை புது மர பீரோவைத் திறந்த மாதிரி மணத்தது. உண்மையைச் சொன்னால் எலியக்காவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவள் வீட்டுக்குப் போனபோது, பல வருடத்தில் முதல்முறையாக வீட்டுக்காரர் மூக்கைச் சுளிக்கவில்லை.

பின்பக்கத்தில் குட்டி போடும் அறைக்கு மட்டும் சிவப்புச் சீவல் போகவில்லை. விருந்தாளிகள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே எப்படி நாறினால் என்ன?

அதற்குப் பிறகுதான் பேன் மருந்தின் இரண்டாம் சுற்றுப் பரிசோதனை. முதல் சுற்று போன வருடமே நடந்தது. அப்போது நடுத்தர அளவு மருந்து தடவிய எலிகளுக்கே உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கம்பெனிக்காரர்கள் மருந்தில் ஏதோ கொஞ்சம் மாற்றினார்கள். இரண்டாம் சுற்றில் ஒரு எலிக்குக்கூட நடுக்கம் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள்.

எலியக்காவுக்கு மட்டும் ஒரு கடி கிடைத்தது.

வாரம் ஒருமுறை சில எலிகளிடம் ரத்தம் எடுப்பார்கள். அதற்காகத் தூக்க ஊசி போட்டு, மல்லாத்திப் போட்டு வைப்பது வழக்கம். மயக்கம் தெளிந்தால் எலி தானாகப் புரண்டு நாலு காலில் நிற்கும். அரை மணி நேரம் நிச்சயமாக அசையாது என்பது அவள் அனுபவம். அன்று பதினாலாவது நிமிடத்தில் மேஜையில் கிடந்த எலி புரண்டு, அவள் கட்டைவிரலில் பல்லைப் பதித்தது.

“அந்த எலிக்கு உங்க மேல என்ன கோபமோ,” என்று ஊசி போட்ட டாக்டர் சிரித்தார்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு எலிகள் அதேபோல் பாதி நேரத்தில் எழுந்தன. அப்போது டாக்டர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

எலியக்கா படித்தது பத்தாவது. ஆனால் எலி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. ஒரு வீட்டில் திருடு போனால் யார் யார் வந்து போனார்கள் என்று ஒவ்வொரு ஆளாக விசாரிப்பதைப்போல அவள் விசாரணையைத் தொடங்கினாள். ஊசி மருந்து கெட்டுப்போயிருக்குமோ? அதே புட்டியில் இருந்துதான் பின்னறை எலிக்கும் போட்டார்கள். அது அரை மணி நேரம் கட்டை மாதிரி கிடந்தது. ஆணா பெண்ணா என்பதா? ஒரே அளவு ஊசிக்குப் பெண் எலி ஆணைவிட ரொம்ப நேரம் தூங்கும், அது அவளுக்குத் தெரியும். இங்கே கடித்தது, தூங்கியது எல்லாமே ஆண்கள். கிழட்டு எலிக்கு மயக்கம் தெளிய நேரமாகும், பட்டினி கிடந்தாலும் மாறும், வம்சம் மாறினால் கேட்கவே வேண்டாம், காலையில் போடும் ஊசி ஒரு மாதிரி, சாயங்காலம் போடும் ஊசி ஒரு மாதிரி. இருமுகிற எலி என்றால் கணக்கே தனி. ஆனால் இரண்டு அறையிலும் இருந்தவை ஒரே தாய்களின் ஒரே ஈற்றுக் குட்டிகள். ஒரே வயசு, ஒரே தீனி, ஒரே குழாய்த் தண்ணீர். ஊசி போட்டதும் அதே காலை பத்து மணி.

ஒவ்வொரு ஆளாக வெளியே அனுப்பியபின் அறையில் மிச்சம் நின்றது சிவப்புச் சீவல் மட்டும்தான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். அறிவாளி. ஆனால் மேனேஜர் அறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிற ரகம்.

“நீங்க சொல்றது சரிதாம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “அந்த மரத்துல இருக்கிற வாசனை எண்ணெய் மூச்சு வழியா உள்ள போகுது. அதை உடைச்சு வெளியேத்த ஈரல் கூடுதலா வேலை செய்யப் பழகிக்குது. பழகின ஈரல் தூக்க மருந்தையும் சேர்த்து உடைச்சிடுது.”

“அப்போ பேன் மருந்தையும்?”

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார். 

“சொல்லிட வேண்டியதுதானே டாக்டர்?”

“சொன்னேன். மறுபடி முதல்லேர்ந்து பண்ண ஆறு மாசம் ஆகும்னு மேனேஜர் கத்தினார். பேசாம இருந்துடுங்கம்மா.”

பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தபடியே கையெழுத்தும் போடச் சொன்னார்களே, அங்கேதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

*

அவள் கையெழுத்துப் போட மறுத்த அன்று மதியமே துப்புரவு ஆட்கள் நாலு பேர் எலி அறைக்குள் புகுந்தார்கள். எண்பது கூண்டுகளிலும் இருந்த சிவப்புச் சீவலைக் கொட்டி, வெள்ளை வெட்டுக்காகிதத்தை நிரப்பினார்கள். மிச்ச மூட்டைகள் வேனில் ஏறின. தரையை இரண்டு தடவை பினாயில் போட்டுத் துடைத்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் அறை பழைய அறையாகிவிட்டது. பழைய நாற்றம் மட்டும் பாக்கி. அதை எலிகள் பார்த்துக்கொள்ளும்.

“நாங்க என்னக்கா பண்றது, சொன்னதைச் செய்யறோம்,” என்றான் துடைப்பக்காரர்களில் ஒருவன்.

“செய்யுங்க. மூலையில நல்லாத் துடைங்க. தடயம் இருந்துடப் போகுது.”

அவன் திருட்டு முழி முழித்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் அவள் வீட்டுப் படியேறும்போதே உள்ளே நாத்தனாரின் குரல் கேட்டது. வீட்டுக்காரரின் தங்கை. அதே பரிசோதனைக் கூடத்தில் பதிவறைக்குப் பொறுப்பு. அறிக்கைகளை அடிப்பதும் அடுக்குவதும் அவள்தான். எலியக்காவுக்கு அங்கே வேலை வாங்கித் தந்ததும் அவள்தான். அதை மாதம் ஒருமுறை நினைவுபடுத்த மறக்கமாட்டாள்.

“வாங்க அண்ணி. ஊரே உங்க பேச்சுதான்.”

“உன்னை யார் அனுப்பினது? சென்ட் சாரா?”

“அவர் அனுப்பாம எனக்கு வரத் தெரியாதா?” என்றாள் நாத்தனார். பிறகு குரல் இறங்கியது. “சரி, அவர்தான் அனுப்பினார். உங்களுக்கு என்ன வந்தது அண்ணி? மரத்தூள் சிவப்பா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன? ஒரு கையெழுத்து. எலி வந்து கோர்ட்ல சாட்சி சொல்லப்போகுதா?”

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார். “நான் நடுவுல வரல. தங்கச்சி ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். எனக்கு உயிர் வேணும்.”

“நீங்க போய்க் குளிங்க,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

எலியக்கா தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். “உன் பொண்ணு எப்படி இருக்கா?”

“அவளுக்கென்ன. தலை முழுக்கப் பேன். ராத்திரி பகல்னு சொறிஞ்சிக்கிட்டே இருக்கா.” நாத்தனார் கைப்பையைத் தட்டினாள். “அதுக்கும் வழி பண்ணிட்டேன். புது மருந்துல ஒரு பாட்டில் சாரே கொடுத்தார். ‘நம்ம பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல’ன்னார். ஞாயிற்றுக்கிழமை தேய்ச்சுக் குளிப்பாட்டிடுவேன்.”

எலியக்கா நீட்டிய காலை மடக்கினாள்.

“இந்த மருந்தா? எங்க எலிக்குத் தடவினதா?”

“அதேதான். எலிக்கு ஒண்ணும் ஆகலையே. நான்தானே அறிக்கை அடிச்சேன். நடுக்கம்: இல்லை. நடுக்கம்: இல்லை. எண்பது தடவை அடிச்சேன்.”

“போன வருஷ அறிக்கையையும் நீதான் அடிச்சே.”

“அது பழைய மருந்து.”

“கேளு. ஈரல்ங்கிறது உடம்புக்குள்ள குப்பை அள்ளுற ஆபீஸ். நாலு பேர் வேலை செய்யுறாங்கன்னு வெச்சுக்கோ. பத்து வாரம் சிவப்புச் சீவல் வாசனையை அள்ளி அள்ளி, ஆள் பத்தாம, பத்துப் பேரா ஆக்கிக்கிச்சு எலியோட ஈரல். அந்த நேரம் பார்த்துப் பேன் மருந்து உள்ள போகுது. பத்துப் பேரும் சேர்ந்து அள்ளி வெளிய கொட்டிட்டாங்க. எலி நடுங்கல. மருந்து நல்லதுன்னு நீ அடிச்சுட்டே.” எலியக்கா நாத்தனாரின் கைப்பையைப் பார்த்தாள். “உன் பொண்ணு சிவப்புச் சீவல் மேலயா படுத்துத் தூங்குறா?”

நாத்தனார் கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 

“மருந்து நல்லதாவும் இருக்கலாம்,” என்றாள் எலியக்கா. “நான் கெட்டதுன்னு சொல்லல. நமக்குத் தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததைத் தெரியும்னு எழுதி, அதுக்குக் கீழ என் பேரைப் போடச் சொல்றாரு. போட மாட்டேன்.”

“வேலை போயிடும் அண்ணி.”

“போகட்டும். நீ வாங்கிக் கொடுத்த வேலைன்னு சொல்லிக்காட்ட உனக்கும் ஒண்ணு குறையும்.”

நாத்தனார் சிரிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள். கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று, “ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

*

வெள்ளிக்கிழமை காலை எலியக்கா எட்டு மணிக்கே வந்தாள். வழக்கம்போலத் தண்ணீர்ப் புட்டிகளை மாற்றினாள். பத்து மணிக்கு மேனேஜர் அறைக்கு அவளாகவே போனாள்.

“முடிவு பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டேன். பதிவேட்டைக் கொடுங்க சார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜரின் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“பதிவேடு இங்க இல்ல. அட்டை பிஞ்சு போச்சுன்னு பைண்டிங்குக்கு அனுப்பிட்டேன். உங்க கையெழுத்து இல்லாமலே சமாளிச்சுக்கிறேன். நீங்க இன்னைக்கு லீவு. வீட்டுக்குப் போங்க.”

அவள் வீட்டுக்குப் போகவில்லை. எலி அறைக்குப் போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சரியாகப் பதினோரு மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மாள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. ஆய்வுக்கு வந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று பெயர். மேனேஜர் வரவழைத்திருந்த குளிர்பானத்தை அவர் பார்த்த பார்வையில் குளிர்பானமே சூடாகியிருக்கும்.

எண்பது கூண்டுகளையும் பார்த்தார். வெட்டுக்காகிதத்தைக் கையில் எடுத்து முகர்ந்தார். கீழே போட்டார்.

“சுத்தமா இருக்கு. அறைப் பதிவேடு எங்க?”

“பைண்டிங்குக்குப் போயிருக்கு மேடம். அடுத்த வாரம் நேர்ல அனுப்பி வெக்கிறேன். அறையில ஒரு மாற்றமும் இல்ல. அதை நானே எழுதிக் கொடுத்துடறேன்.”

“மாற்றம் இருக்கு மேடம்,” என்றாள் எலியக்கா.

அதிகாரியின் தலையும் மேனேஜரின் தலையும் திரும்பின. கூட வந்திருந்த டாக்டரின் தலை மட்டும் குனிந்தது.

“இவங்க யாரு?”

“எலிகளைப் பார்த்துக்கிறவங்க,” என்றார் மேனேஜர் அவசரமாக. “இன்னைக்கு லீவு. கொஞ்ச நாளா மனசு சரியில்லாம...”

“மனசு நல்லாத்தான் இருக்கு. பத்து வாரமா இங்க மணக்கிற சிவப்பு மரச்சீவல் போட்டிருந்தது. நேத்து மத்தியானம் பெருக்கிக் கொட்டிட்டாங்க.”

அதிகாரி தரையைப் பார்த்தார். கூண்டு இடுக்குகளைப் பார்த்தார். ஒரு துணுக்குக்கூட இல்லை. துடைப்பக்காரர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது.

“இதுக்கு என்ன ஆதாரம்?”

“அறையில தேடாதீங்க மேடம். கிடைக்காது. எலிக்குள்ள தேடுங்க.” எலியக்கா தன்னை அறியாமல் ஒரு கூண்டின் மேல் கை வைத்தாள். “சீவலை ஒரு மத்தியானத்துல மாத்திடலாம். ஈரலை மாத்த முடியாது. அது பழையபடி ஆக இன்னும் பல நாள் ஆகும். இந்த அறையில பேன் மருந்து தடவாத எலிங்க தனியா இருபது இருக்கு. அதுல ஆண் எடுங்க. பின்னறையில அதோட கூடப் பிறந்த ஆண் எலிங்க இருக்கு. அதுங்க சிவப்புச் சீவலைக் கண்ணால பார்த்ததில்ல. ரெண்டுக்கும் எடைக்கு ஏத்த தூக்க ஊசி போடுங்க. எது முதல்ல எழுந்திரிக்குதுன்னு நீங்களே பாருங்க.”

“மேடம், இதெல்லாம் ஆய்வு நேரத்துல...” என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

“ஒண்ணுக்கு ஒண்ணு வெச்சா தற்செயல்னு சொல்வாங்க,” என்றார் அதிகாரி, எலியக்காவிடம்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மூணுக்கு மூணு. எலிகளை நான் தேர்ந்தெடுப்பேன். ஊசி யார் போடுவாங்க?”

டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

*

ஆறு எலிகள். ஒவ்வொன்றையும் நிறுத்து, எடைக்குத் தக்க மருந்தை டாக்டர் ஏற்றினார். எலியக்கா பிடித்துக்கொண்டாள்.   நீண்ட மேஜையில் துணி விரித்து ஆறையும் மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். இடப்பக்கம் மூன்று, இந்த அறையுடையவை. வலப்பக்கம் மூன்று, பின்னறையுடையவை. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஐந்து நிமிடம். ஆறு வெள்ளை வயிறுகள் ஏறி இறங்கின.

பத்து நிமிடம். மேனேஜர் தொண்டையைச் செருமினார். “எல்லாம் ஒண்ணாத்தானே தூங்குது?”

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எலியக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நாளில் ஈரல் பழையபடி ஆகியிருந்தால்? அவள் சொன்னது டாக்டர் சொன்னதை வைத்து. டாக்டர் சொன்னது புத்தகத்தை வைத்து. இந்த எலிகள் புத்தகம் படித்ததில்லை.

பன்னிரண்டு நிமிடம்.

பதின்மூன்றாவது நிமிடத்தில் இடப்பக்கத்து முதல் எலியின் மீசை துடித்தது. பின்னங்கால் ஒன்று காற்றில் உதைத்தது. அப்புறம் அது ஒரே புரளலில் புரண்டு, நாலு காலில் நின்று, போதை தெளியாத ஆளைப்போலத் தள்ளாடி, மேனேஜர் நின்ற பக்கமாகவே நடந்தது.

“ஒண்ணு,” என்றார் அதிகாரி. எழுதினார்.

பதினைந்தில் இரண்டாவது. பதினாறரையில் மூன்றாவது. எலியக்கா மூன்றையும் எடுத்துக் கூண்டில் விட்டாள். வலப்பக்கத்து மூன்றும் அப்படியே கிடந்தன. இருபது நிமிடம் ஆயிற்று, இருபத்தைந்து ஆயிற்று. அதிகாரி ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார். இருபத்தொன்பதாவது நிமிடம் முதல் எலி புரண்டது. கடைசி எலி எழுந்தபோது முப்பத்து நாலு.

“ஏதோ தற்செயல் மேடம்,” என்றார் மேனேஜர். நெற்றியைத் துடைத்த கைக்குட்டையில் சென்ட் மணத்தது.

“தற்செயல் இல்ல சார்,” என்று டாக்டர் சொன்னார். குரல் எலியின் குரலைவிடச் சன்னமாக இருந்தது, ஆனால் வந்துவிட்டது. “நான் உங்ககிட்ட மூணு வாரம் முன்னாடியே சொன்னேன்.”

அதிகாரி பேனாவை மூடினார். “எனக்குப் புரியுது. ஆனா மூணு எலி தூக்கத்தை வெச்சு ஒரு பரிசோதனையை நான் ரத்து பண்ண முடியாது. எழுத்துல வேணும். பதிவேட்டுல. அது பைண்டிங்ல இருக்குன்னு சொல்றீங்க.”

மேனேஜரின் தோள் கொஞ்சம் இறங்கியது. பதிவேடு இல்லை. எழுத்து இல்லை. அடுத்த வாரத்துக்குள் என்னவோ செய்துகொள்ளலாம்.

“பைண்டிங்குக்கு எதுவும் போகல சார்.”

கதவருகில் நாத்தனார் நின்றாள். மார்போடு அணைத்த கெட்டி அட்டை நோட்டு. அதன்மேல் ஒரு பாட்டில்.

“நேத்து சாயங்காலம் நீங்கதானே என் பீரோவுல பூட்டி வெக்கச் சொன்னீங்க,” என்றாள் அவள், அலுவலகத்தில் எப்போதும் பேசுகிற அதே மரியாதையான குரலில். “பதிவறையிலேர்ந்து ஒரு நோட்டு வெளிய போனா நான் எழுதி வெக்கணும். வெளிய போகல, அதனால எழுதல. இந்தாங்க மேடம். மருந்து பாட்டிலையும் வெச்சுக்குங்க. என் பொண்ணுக்கு இது இப்ப வேண்டாம்.”

எலியக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சுவரைப் பார்த்தாள்.

மேஜைமேல் பதிவேடு திறந்தது. கடைசிப் பக்கம். ‘எந்த மாற்றமும் செய்யப்படவில்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. எலியக்கா ரப்பர் உறையைக் கழற்றினாள். அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். கீழே பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினாள்: எந்தத் தேதியில் வெட்டுக்காகிதம் போய்ச் சிவப்பு மரச்சீவல் வந்தது, எந்தத் தேதியில் அதைப் பெருக்கிக் கொட்டினார்கள், எந்த எலி எத்தனை நிமிடத்தில் எழுந்தது. கட்டைவிரல் கடிபட்டதையும் விடவில்லை. கடைசியில் பேரை எழுதித் தேதி போட்டாள்.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, “இதுக்கெல்லாம் உங்களுக்கு அதிகாரம் கிடையாது,” என்றார்.

எலியக்கா நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். பேனாவை அதன்மேல் வைத்தாள்.

“அப்போ அடிச்சுடுங்க சார். பக்கத்தைக் கிழிக்க முடியாது, நம்பர் போட்டிருக்கு. வெள்ளை மை தடவி மறைக்கக் கூடாது, நீங்க போட்ட விதிதான். ஒரே ஒரு கோடு. பக்கத்துல உங்க கையெழுத்து, தேதி, அடிச்சதுக்குக் காரணம். மேடம் இருக்காங்க. எழுதுங்க.”

பேனா அங்கேயே கிடந்தது. 

ஒரு நிமிடம் பொறுத்திருந்து அதிகாரி அந்தப் பேனாவை எடுத்தார். எலியக்காவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டாம் சுற்றுப் பரிசோதனை செல்லாது, வெட்டுக்காகிதப் படுக்கையில் புது எலிகளை வைத்து முதலிலிருந்து நடத்த வேண்டும், அதுவரை மருந்து வெளியே போகக்கூடாது என்று நாலு வரி எழுதினார். பாட்டிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, “தண்ணி இருக்காம்மா?” என்று எலியக்காவிடம் கேட்டார்.

அவள் வைத்திருந்த பாட்டிலில் பாதியை அங்கேயே குடித்துவிட்டுப் போனார்.

*

மூன்று மணிக்கு மேனேஜர் அறையிலிருந்து ஒரு தாள் வந்தது. கொண்டுவந்தவர் மேனேஜரேதான். எலியக்கா தீனி வாளியோடு நின்றாள்.

“மெமோ. மேலதிகாரிகள் முன்னாடி கட்டுப்பாடு மீறி நடந்ததுக்கு விளக்கம் கேட்டிருக்கு. வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடுங்க.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கையை முன்துணியில் துடைத்தாள். தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பதினாலு வருடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்களுக்கும் சேர்த்து இந்த ஒன்றைப் படித்தாள். மேனேஜர் காலை மாற்றி மாற்றி நின்றார். கைக்குட்டையை எடுக்க மறந்து வந்திருந்தார். அறை பழையபடி நாற ஆரம்பித்திருந்தது.

“என்ன, போடறீங்களா இல்லையா?”

“போடறேன் சார். ஆனா இதுல தேதி தப்பா இருக்கு. நேத்துத் தேதி போட்டிருக்கீங்க. இன்னைக்கு நடந்ததுக்கு நேத்தே எப்படி விளக்கம் கேட்டீங்க?” தாளை நீட்டினாள். “ஒரு கோடு போட்டு, பக்கத்துல உங்க கையெழுத்தைப் போட்டுக் கொண்டாங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்.”

அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

எலியக்கா வாளியைத் தூக்கினாள். முதல் கூண்டைத் திறந்து, நேற்றுவரை சிவப்பாக இருந்த இடத்தில் கிடந்த வெள்ளைக் காகிதத்தை விலக்கி, தீனியை வைத்தாள். கடித்த எலி முகர்ந்து பார்த்தது. இந்தத் தடவை அவள் விரலை நீட்டவில்லை.